உலர், ஈரம், ஜன்னல்

டிசம்பர் 9, திங்கள்

உலர் 15. ஈரம் 14.

இந்த நோட்டு எங்கள் டீ பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடிக்கு உரியது. மணி, உலர், ஈரம், வித்தியாசம், குறிப்பு என்று ஐந்து கட்டம் அச்சடித்தது. டீமேக்கரிடம் கேட்டு ஒன்று வாங்கி வந்தேன். கூடவே, பழசாகிவிட்டதென்று கழற்றி வைத்திருந்த தெர்மாமீட்டர் பலகையையும்.

ஒரு பலகையில் இரண்டு கண்ணாடிக் குழாய். ஒன்று சும்மா இருக்கும். அது காற்றின் சூட்டைச் சொல்லும். மற்றதன் அடியில் துணி சுற்றியிருக்கும், துணியின் வால் ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் கிடக்கும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு அது கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைப் பார்த்து, கொழுந்துக்குச் சூடுகாற்றைத் திறப்பதும் மூடுவதும்தான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை. ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனுக்கு இதற்கு மேல் கணக்கு தேவைப்பட்டதில்லை.

இன்று தமயந்தியையும் குழந்தையையும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். தமயந்தி என் ஒரே மகள். அவளுடைய மகள் ஏழு வாரம் அவசரப்பட்டு வந்துவிட்டாள். எடை ஒரு கிலோ எண்ணூறு. அறை இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கோத்தகிரியில் டிசம்பர் மாதத்தில்.

சம்பந்தி அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அந்தக் குளிருக்கா அண்ணா கொண்டு போறீங்க? மேட்டுப்பாளையத்துல எங்க வீட்ல இப்பவும் ஃபேன் ஓடுது."

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று முறையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "ஒரு மாடி முழுக்க சூடு ஏத்தி இறக்குறவன்மா நான். ஒரு ரூமுக்கு ஏத்த மாட்டேனா?"

மாப்பிள்ளை என்னை மரியாதையோடு பார்த்தார். வாய்க்கு வித்தியாசம் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது.

டிசம்பர் 10

காலை உலர் 14. ஹீட்டர் போட்டேன். உலர் 19 வரை ஏறியது, ஃபியூஸ் போனது. கட்டினேன். போனது. மூன்றாம் தடவை எங்கள் லைனில் எட்டு வீட்டுக்கும் சேர்த்துப் போனது. அத்தனை பேரும் வாசலுக்கு வந்து குழந்தையை விசாரித்தார்கள். கரண்ட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார்கள்.

மதியம் நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் வந்தார். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வந்து எடை பார்ப்பாராம். "சட்டையக் கழட்டிட்டு மாரோட போட்டுக்கணும், கங்காரு மாதிரி. அதுதான் நல்ல சூடு. அம்மா, பாட்டி, தாத்தா யார் வேணா போட்டுக்கலாம். ரூமுக்குள்ள நெருப்பு மட்டும் ஆகாது. புகை அண்டக் கூடாது."

தாத்தா என்றதும் எனக்குக் கொல்லைப் பக்கம் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது.

டிசம்பர் 12

உலர் 25. ஈரம் 21.

கரிச்சட்டிதான். வேறு வழியில்லை. ஆனால் முறையாகச் செய்கிறேன். கரியை வெளியே வைத்து மூட்டி, புகை முழுக்கப் போய், கனல் சிவப்பாக நிற்கும்போதுதான் உள்ளே கொண்டு வருகிறேன். சிஸ்டர் ஆகாதென்று சொன்னது புகையைத்தானே. இதில் ஊதுபத்தி அளவுகூட இல்லை.

ஜன்னல் இடுக்கில் எல்லாம் மைதாப் பசை காய்ச்சிப் பழைய பேப்பர் ஒட்டினேன். கதவின் அடியில் சாக்கு. சட்டிமேல் ஒரு பாத்திரம் தண்ணீர், காற்று ரொம்பக் காயாமல் இருக்க. கோகிலம் பார்த்துவிட்டு, "இருபத்தாறு வருசமா இந்த ஜன்னல்ல காத்து வருதுன்னு சொல்றேன். பேத்தி வந்துதான் அடைக்கணும்னு இருந்திருக்கு" என்றாள். மனைவி பாராட்டினால் இப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 14

பாக்டரியில் ரகளை. எங்களுடையது விறகடுப்பு. நெருப்பும் புகையும் இரும்புக் குழாய்க்குள்ளேயே ஓடிப் புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். குழாயின் வெளிப்பக்கம் பட்டுச் சூடாகிற சுத்தக் காற்றுதான் கொழுந்துக்கு வரும். இன்று அந்தக் குழாயில் எங்கேயோ ஊசிமுனை ஓட்டை. மாடியில் முதலில் மோப்பம் பிடித்தது நான். ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். அப்படியும் ஒரு தட்டு இலை கெட்டது.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் யூசுப்பை டீமேக்கர் பிடித்துக் காய்ச்சினார். யூசுப் என்னிடம் வந்து, "அண்ணே, உங்க மூக்க இன்சூர் பண்ணி வைங்க" என்றான்.

"அடுப்புக் காத்து வேற, சூடுகாத்து வேற. இது தெரியாதவன் இந்த வேலைக்கு வரக் கூடாது" என்று அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

உலர் 27. ஈரம் 23.

சின்னவள் நன்றாகத் தூங்குகிறாள். ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கு ஒரு தடவை கத்திக்கொண்டிருந்தவள் இப்போது எழுப்பினால்தான் எழுகிறாள். அழுகையே இல்லை. தங்கமான பிள்ளை.

டிசம்பர் 17

உலர் 26. ஈரம் 22.

சிஸ்டர் வரும் நேரம் தெரியுமென்பதால் சட்டியை எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டேன். புகை இல்லாத நெருப்பு என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் பொழுது போய்விடும். எடை ஒரு கிலோ தொள்ளாயிரம். தெர்மாமீட்டர் பலகையைப் பார்த்து, "பரவால்லையே, ஆஸ்பத்திரியிலகூட இப்படி எழுதி வைக்கறதில்ல" என்றார். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

டிசம்பர் 20

உலர் 28. ஈரம் 24.

பூனையைக் காணோம். குளிர்காலத்தில் அடுப்படியை விட்டு நகராத ஜன்மம். சட்டி இருக்கும் அறையில் ராஜா மாதிரி படுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கொல்லையில் விறகுக் கட்டுமேல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. தூக்கி வந்து விட்டேன், மறுபடி ஓடிவிட்டது. நன்றி கெட்டது.

வீட்டில் இருந்தால் தலைவலி. பாக்டரிக்குப் போனால் சரியாகிவிடுகிறது. கல்யாணமான நாளிலிருந்து இருப்பதுதான்.

டிசம்பர் 24

உலர் 27. ஈரம் 23.

எடை ஒரு கிலோ தொள்ளாயிரத்து இருபது. ஏழு நாளில் இருபதே கிராம். சிஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். "பால் குடிக்கறாளா?"

"குடிக்கறதுக்குள்ள தூங்கிடறா சிஸ்டர்" என்றாள் தமயந்தி. "எனக்கும் அதேதான். உக்காந்தா கண்ணு சொருகுது. அம்மா வேற ரெண்டு நாளா வாந்தி."

"பித்தம்" என்றாள் கோகிலம்.

"ரூம்ல நெருப்பு எதுவும் வைக்கறதில்லையே?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் தெர்மாமீட்டரின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முழுக் கவனம் தேவைப்படும் வேலை அது.

"கொல்லைல வெந்நீருக்கு மட்டும்தான்" என்றேன்.

சூடு இன்னும் போதவில்லை போலிருக்கிறது. நாளையிலிருந்து இருபத்தெட்டில் நிறுத்த வேண்டும். சட்டி இரண்டாக்கலாம். தெர்மாமீட்டர் துணியும் நைந்துவிட்டது, யூசுப்பிடம் புதுத்துணி கேட்டிருக்கிறேன்.

டிசம்பர் 27, வெள்ளி

உலர் 28. ஈரம் 25.

பாக்டரி இல்லை. உறைபனியில் தோட்டமெல்லாம் கருகிக் கொழுந்து வரத்து நின்றுவிட்டது. எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறோம். சட்டி இரண்டு. வெளியே புல் வெள்ளையாக இருக்கிறது, உள்ளே மேட்டுப்பாளையம். சம்பந்தி அம்மா வந்து பார்க்க வேண்டும்.

கோகிலம் படுத்துவிட்டாள். இட்லி வேண்டாமாம். தமயந்தி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். சின்னவள் சத்தமே இல்லை. நல்ல பிள்ளை.

உலர் 28. ஈரம் 25.

தலை கனமாக இருக்கிறது. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. எழுந்து போக வேண்டும். எழுதி முடித்துவிட்டு.

உலர் 28. ஈரம் 28. துணி காய்ந்து

உலர் 28. உலர் 28. டிசம்பர் 9

டிசம்பர் 29, ஞாயிறு

நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

டிசம்பர் 30

ஆஸ்பத்திரி. நேற்று தமயந்தி நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள், யூசுப் கொண்டு வந்து கொடுத்தான். ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று நடந்ததை எழுதுகிறேன்.

தட்டியது யூசுப்தான். தெர்மாமீட்டருக்குப் புதுத்துணி கொண்டு வந்திருக்கிறான். செருப்பெல்லாம் வாசலில் கிடக்கிறது, உள்ளே தாழ்ப்பாள், கூப்பிட்டால் பதில் இல்லை. சுற்றிவந்து பார்த்தால் ஜன்னல் முழுக்கப் பேப்பர். விறகுக் கட்டையை எடுத்து உடைத்திருக்கிறான்.

"உள்ள இருந்து வந்த காத்து மூஞ்சில பட்டதுமே தெரிஞ்சுபோச்சுண்ணே. எத்தன வருசம் அடுப்புக்கு முன்னால நிக்கறேன்." முதலில் குழந்தையைத் தன் ஜாக்கெட்டுக்குள் போட்டு வெளியே கொண்டுபோய் விட்டு, பிறகு தமயந்தி, கோகிலம். கடைசியாக என்னை. நான் பேனாவை விடவில்லையாம்.

பாக்டரி ஜீப்பில் கோத்தகிரி ஆஸ்பத்திரி. எல்லோருக்கும் ஆக்சிஜன்.

டாக்டர் சின்னப்பெண், தமயந்தி வயதுதான் இருக்கும். கரி எரியும்போது வருகிற விஷக் காற்றுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, புகை நின்ற பிறகும் கனலிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும் என்று விளக்கினார். குழந்தையின் பாதத்தில் சின்னதாக ஒரு கருவி கட்டியிருந்தது. சிவப்பு வெளிச்சம். அதில் 98 என்று காட்டியது.

"தொண்ணூத்தெட்டுன்னா நல்லதுதானேம்மா?" என்று கேட்டேன்.

"ரத்தத்துல ஆக்சிஜன் ஏறியிருந்தாலும் தொண்ணூத்தெட்டு காட்டும். அந்த விஷம் ஏறியிருந்தாலும் அதையே காட்டும். இதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்க ஐயா. அதான் ரத்தம் எடுத்துப் பாக்கறோம்."

அந்தக் கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஆள்தான்.

டிசம்பர் 31

இரண்டு பேரிடம் பேச வேண்டியிருந்தது.

ஜெசிந்தா சிஸ்டர் வார்டுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் சட்டியைக் கொல்லையில் வைத்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எடை நோட்டில் 24-ஆம் தேதிக்கு நேரே ஏதோ எழுதினார். "நான் கேட்டேன்ல அண்ணா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டேன். மாப்பிள்ளை ஏற்கெனவே சொல்லியிருப்பார், இருந்தாலும் நான் சொல்வது என்று ஒன்று இருக்கிறதே. "ஒரு ரூமுக்கு ஏத்த மாட்டேனான்னு கேட்டேன்ல. ஏத்திட்டேன்மா. குழந்தைய நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "நீங்க சாப்பிட்டீங்களா அண்ணா?" என்றார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

யூசுப் மாலையில் டீ வாங்கிவந்தான். இரண்டு பேரும் வராந்தாவில் குடித்தோம். எழுந்து போகும்போது அவன் சொன்னான்: "இலைக்கு இருந்த மரியாத பேத்திக்கு இல்லாமப் போச்சேண்ணே."

குழாய், புகைபோக்கி, ஊசிமுனை ஓட்டை. இருபத்திரண்டு வருடம்.

ஜனவரி 2

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பெரியவர்கள் மூன்று பேருக்கும் கவலையில்லை. சின்னவளைப் பற்றி டாக்டர் சொன்னது: "இப்ப நல்லாத்தான் இருக்கா. ஆனா காது, கண்ணு, மூளை எல்லாம் போகப் போகத்தான் தெரியும். சத்தம் கேட்டா திடுக்குனு முழிக்கறாளா, நல்லா அழறாளான்னு கவனிங்க."

அழவில்லை. பசித்தால் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். திடுக்கிடுவதும் இல்லை.

எங்கே போவது என்று பேச்சு வந்தது. தமயந்தி சொன்னாள்: "மேட்டுப்பாளையம் மலை இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல. இவள இன்னொரு தடவ வண்டில ஆட்ட மாட்டேன். நம்ம வீட்டுக்கே போலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா ரூம் உங்க பொறுப்பு இல்லப்பா. என் பொறுப்பு. நீங்க நோட்டு எழுதுங்க, போதும்."

பதவி இறக்கம். ஏற்றுக்கொண்டேன்.

ஜனவரி 4, சனி

உலர் 19. ஈரம் 17. ஜன்னல் நாலு விரல்.

இந்த ஆறாவது கட்டம் தமயந்தி போட்டது. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, மேலே "ஜன்னல்" என்று எழுதிக் கொடுத்தாள். எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். பூஜ்யம் என்று எழுதினால் அன்றே மேட்டுப்பாளையமாம்.

பிற்பகல் சம்பந்தி அம்மா வந்து இறங்கினார். இரண்டு ஸ்வெட்டர், தலையில் மப்ளர், கையில் எண்ணெய் ஹீட்டர். நெருப்பும் இல்லை, கனலும் இல்லை, இரும்புக்குள்ளேயே எண்ணெய் காய்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து அதற்கென்று தனி வயர் இழுத்தோம். உலர் 23.

"எப்படித்தான் இருக்கீங்களோ இந்த ஊர்ல" என்று பல் தந்தியடிக்கச் சொன்னார்.

பூனை உள்ளே வந்துவிட்டது. ஹீட்டருக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் நடுவில் படுத்திருக்கிறது.

ஜனவரி 6

உலர் 23. ஈரம் 19. ஜன்னல் நாலு விரல்.

இருபத்தைந்துக்குக் குறைகிற சூட்டுக்குக் கங்காரு முறை. தமயந்தி நாலு பேருக்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டாள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நான். சட்டையைக் கழற்றுவதற்குச் சம்பந்தி அம்மா வெளியே போக வேண்டியிருந்தது. குழந்தையைக் குல்லாவோடு மார்பில் கிடத்தி, மேலே துணியால் கட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் அசையக் கூடாது, தும்மக் கூடாது. மூக்கு அரித்தது.

அக்குளில் வைத்துப் பார்த்தோம்: 36.8. பாக்டரி தெர்மாமீட்டரில் அரை டிகிரி கணக்குத்தான், இவளுக்குப் புள்ளி வைத்துக் கணக்கு.

மதியம் டம்ளர் கை தவறி விழுந்தது. சின்னவள் அசையவில்லை.

ஜனவரி 7

உலர் 23. ஈரம் 19. ஜன்னல் நாலு விரல். எடை இரண்டு கிலோ நூறு. சிஸ்டர் வந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொல்லைக்கும் போய்ப் பார்த்தார். நானே கூட்டிப்போய்க் காட்டினேன்.

இன்றும் டம்ளர் விழுந்தது. அசையவில்லை.

ஜனவரி 9

உலர் 22. ஈரம் 18. ஜன்னல் நாலு விரல்.

சாப்பாட்டுத் தட்டு விழுந்தது. தொட்டிலுக்குக் கொஞ்சம் பக்கத்தில். பூனை வீட்டை விட்டு ஓடியது. சின்னவள் தூங்கினாள்.

"உங்களுக்குக் கை நடுங்குதா என்ன? டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் கோகிலம். தமயந்தி தட்டை எடுத்துக் கழுவி, அலமாரியில் உயரமான தட்டில் வைத்தாள். எனக்கு எட்டாத உயரம் இல்லை. இருந்தாலும் வைத்தாள்.

ஜனவரி 10

உலர் 23. ஈரம் 19. ஜன்னல் நாலு விரல்.

எதுவும் விழவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

காலை பத்து மணி. உலர் 23. ஈரம் 18. ஜன்னல்

இந்தக் கட்டத்தை நிரப்புவதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன். என் முறை. சின்னவள் மார்பில். நோட்டு முழங்கால்மேல், வலதுகை மட்டும் வெளியே. நாலு விரல் என்று எழுத ஜன்னலைப் பார்க்கிறேன், மலையிலிருந்து ஒரு காற்று வந்து கதவைப் பிடுங்கி முழுக்கத் திறந்து, திருப்பி அடித்தது. புதுக் கண்ணாடி சிதறியது. யூசுப் உடைத்ததற்குப் பதில் போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

என் மார்பில் ஏதோ உதைத்தது.

இரண்டு கையையும் விரித்து, வாயைத் திறந்து, முதலில் சத்தமில்லாமல், முகமெல்லாம் சிவந்து, பிறகு அழுகையைப் பிடித்தாள். எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும். கோகிலம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், சம்பந்தி அம்மா மப்ளரோடு வந்தார், தமயந்தி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்பா, என்ன எழுதிட்டு இருக்கீங்க? ஜன்னலப் பிடிங்க!"

"எனக்கு முறை பதினொன்னு வரைக்கும். அசையக் கூடாதுன்னு நீதானே எழுதி ஒட்டியிருக்க."

"குடுங்க அவள."

"பதினொன்னு வரைக்கும்."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது. கண்ணாடித் தூளாக இருக்கும்.

மூன்று பெண்களுமாகப் போர்வையை ஆணியில் மாட்டி ஜன்னலை மறைத்தார்கள். மேலே நாலு விரல் இடம் விட்டுத்தான். தமயந்தி அளந்து பார்த்தாள்.

சின்னவள் இன்னும் நிறுத்தவில்லை. நோட்டில் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. கையாலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டேன், கோணல்தான்.

உலர் 21. ஈரம் 17. ஜன்னல் நாலு விரல். அழுகை உண்டு.